அலாய் பைப், ராடுகளுக்குக் கலர் கோடு: எந்தப் பெயிண்ட், எங்கே, எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருச்சி துவாக்குடி பக்கம் பாய்லர் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளின் ஸ்டோர்ஸில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். புதிதாக வேலைக்கு வரும் டிப்ளமோ பையன்களிலிருந்து, சொந்தமாகப் பட்டறை போட்டவர்கள் வரை எல்லாரும் போன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பைப், ராடு எந்தக் கிரேடு, அதாவது எந்த வகை உலோகம், என்று அடையாளம் தெரிய அதன் மேல் பெயிண்ட் அடிப்பதைத்தான் கலர் கோடு என்கிறோம். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பைப்புலதான் எல்லாம் அச்சடிச்சு வருதே, அப்புறம் கலர் எதுக்கு?

ஆறு மீட்டர் பைப் முழுசாக இருக்கும் வரை அச்சு இருக்கும். ஒன்றரை மீட்டர் வெட்டி எடுத்த பிறகு மிச்சத்தில் அச்சு இருக்குமா என்பது அதிர்ஷ்டம். ராடு என்றால் இன்னும் மோசம். முனையில் பஞ்ச் அடித்திருப்பார்கள், அந்த முனையைத்தான் முதலில் வெட்டுவார்கள். துரு ஏறினால் உள்ள எழுத்தும் போய்விடும்.

கண்ணால் பார்த்துக் கிரேடு சொல்ல முடியாது என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. சாதாரணக் கார்பன் ஸ்டீல் ட்யூபும், இரண்டேகால் சதவீதம் குரோமியம் உள்ள டி22 ட்யூபும், ஒன்பது சதவீதம் உள்ள டி91-ம் ராக்கில் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் கிடக்கும். கார்பன் ஸ்டீலை 425 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்ட காலம் வேலை வாங்கக் கூடாது. 540 டிகிரி நீராவி ஓடும் சூப்பர்ஹீட்டரில் (பாய்லரில் நீராவியை மேலும் சூடாக்கும் பகுதி) தெரியாமல் ஒரு துண்டு கார்பன் ஸ்டீல் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே வெடிக்காது. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்கும் ஹைட்ராலிக் டெஸ்டிலும் தாங்கும். சில மாதம் கழித்து வீங்கிக் கிழியும். அந்தத் தவறு ஸ்டோர்ஸில் ஆரம்பித்தது என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

எந்தக் கிரேடுக்கு எந்தக் கலர்? ஒரு லிஸ்ட் அனுப்புங்களேன்.

அப்படி உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் லிஸ்ட் கிடையாது. பைப் ஃபேப்ரிகேஷன் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க அமைப்பு இ.எஸ்.-22 என்று ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. பெரிய பாய்லர் கம்பெனிகள், ரிஃபைனரிகள் ஒவ்வொன்றும் தங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கும். வாடிக்கையாளர் கொடுத்தால் அவருடையதுதான் சட்டம். கொடுக்காவிட்டால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போட்ட பிறகு மாற்றாதீர்கள்.

ராடு வாங்கும் கடைகளிலும் இதே கதைதான். ஒரு கடையில் நீல முனை ஈ.என்.8 என்றால், அடுத்த தெருவில் அதே நீலம் ஈ.என்.24 ஆக இருக்கலாம். முதலாவது வெறும் 0.40 சதவீதக் கார்பன் ஸ்டீல்; இரண்டாவது நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த உறுதியான ஷாஃப்ட் ஸ்டீல். கடைக்காரர் கலரை நம்பி ராக்கில் ஏற்றாதீர்கள். சரக்கு இறங்கியதும் மில் சர்டிபிகேட் பார்த்து உங்கள் கலரை அடியுங்கள். அவர் கலரைத் துடைத்துவிடுங்கள்.

ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2379-ல குழாய்க்குக் கலர் குடுத்திருக்காங்களே, அதையே வெச்சுக்கலாமா?

கூடாது. அது குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று சொல்லும் கலர்: தண்ணீரா, நீராவியா, காற்றா என்று. குழாய் எந்த உலோகம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தால் குழம்பாமல் இருக்க, உலோகக் கலரை மெல்லிய கோடாகவோ முனைப் பட்டையாகவோ மட்டும் போடுங்கள்.

கார்பன் ஸ்டீலுக்குக் கலர் வேண்டாம்தானே? அதுதான் நிறைய இருக்கு, பெயிண்ட் செலவு.

இதில் நான் பிடிவாதக்காரன். கலர் இல்லாத துண்டு என்றால் ‘என்னவென்று தெரியாத துண்டு’ என்றுதான் அர்த்தம் இருக்க வேண்டும். கார்பன் ஸ்டீலுக்குக் கலர் இல்லை என்று வைத்தால், கலர் உதிர்ந்துபோன டி91-ம் கார்பன் ஸ்டீல் ஆகிவிடும். ஒரு டப்பா பெயிண்ட் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பாய்லர் பேனலையே இழப்பீர்கள்.

சரி, பெயிண்ட்ல என்ன ‘சேஃப்டி’ பார்க்கணும்? கையில கிடைச்ச எனாமலை அடிச்சா ஆகாதா?

கார்பன் ஸ்டீலுக்கும் குறைந்த அலாய் ஸ்டீலுக்கும் பெரும்பாலும் ஆகும். வெல்டிங் விளிம்பிலிருந்து தள்ளி அடித்து, வெல்டிங்குக்கு முன் துடைத்தால் போதும். பிரச்சினை எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), நிக்கல் அலாய், டைட்டானியம், அலுமினியம், பித்தளை என்று வரும்போதுதான்.

எதிரிகள் மூன்று வகை. முதலாவது, சீக்கிரம் உருகும் உலோகங்கள்: துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், ஈயம் 327-ல், தகரம் 232-ல், பிஸ்மத் 271-ல். இரண்டாவது, குளோரைடு முதலான ஹாலோஜன்கள். மூன்றாவது, கந்தகம். மூன்றுமே சாதாரண வெப்பநிலையில் பெயிண்டுக்குள் அமைதியாக இருக்கும். வெல்டிங்கோ, ஹீட் ட்ரீட்மென்ட்டோ, சூடான சர்வீஸோ வரும்போதுதான் வேலையைக் காட்டும். யார் அடித்த பெயிண்ட் எப்போது பழிவாங்கும் என்று சொல்ல முடியாது.

துத்தநாகம் எஸ்.எஸ்.-ஐ அப்படி என்ன செஞ்சிடும்? அது துரு பிடிக்காம காப்பாத்துறதுதானே?

சாதா இரும்பைக் காப்பாற்றும், அதுதான் கால்வனைசிங். ஆனால் 304, 316 போன்ற எஸ்.எஸ்.-ல் வெல்டிங் சூட்டில், சுமார் 750 டிகிரிக்கு மேல், உருகிய துத்தநாகம் உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையே உள்ள எல்லைக்கோட்டில் ஊடுருவி இறங்கும். வெல்டு ஆறும்போது ஏற்படும் இழுவிசை சேர்ந்ததும் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். நொடிகளில் நடக்கிற விஷயம் இது. 1974-இல் இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்த பிறகு நடந்த விசாரணையில், எஸ்.எஸ். குழாயில் துத்தநாகம் உண்டாக்கிய விரிசல் பற்றியும் நிறைய வாதம் நடந்தது. விபத்துக்கு அது மூலகாரணம் என்று முடிவாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ‘எஸ்.எஸ். பக்கத்தில் ஜிங்க் வேண்டாம்’ என்பது தொழிலில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

நான் வேலை பார்த்த ஒரு இடத்திலேயே பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரக்சர் வேலையில் மிச்சமான ஜிங்க் ஸ்ப்ரே டப்பா ஒன்று இருந்தது; கால்வனைஸ் போன இடத்தில் அடிப்பார்களே, அது. ‘சாம்பல் கலர் தீர்ந்துபோச்சு, இதுவும் சாம்பல்தானே’ என்று ஹெல்ப்பர் பையன் நான்கு 316 பைப்பின் முனையில் அடித்துவிட்டான். வெல்டர் பெவலை (வெல்டிங்குக்காகச் சரிவாக்கிய விளிம்பை) மட்டும் கிரைண்ட் செய்தார். பக்கத்தில் இருந்ததைத் தொடவில்லை. மேற்பரப்பு விரிசலை மை ஊற்றிக் கண்டுபிடிக்கும் டி.பி. (டை பெனட்ரன்ட்) டெஸ்டில் சிவப்பு மையைத் துடைத்து வெள்ளை டெவலப்பர் அடித்ததும், வெல்டை ஒட்டித் தலைமுடி போல நாலைந்து சிவப்புக் கோடுகள் மெதுவாக மேலே வந்தன. வெல்டில் குறை என்று முதலில் வெல்டரைத்தான் திட்டினார்கள், பாவம்.

ரெட் ஆக்சைடு பிரைமர் எல்லாப் பட்டறையிலும் இருக்கு. அது வெறும் இரும்பு ஆக்சைடுதானே? எஸ்.எஸ்.க்கு அடிக்கலாமா?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது ஐ.எஸ். 2074 வகை; அதன் பெயரே ‘ரெட் ஆக்சைடு – ஜிங்க் குரோம்’. துத்தநாக குரோமேட் உள்ளே இருக்கிறது. எஸ்.எஸ்.-க்கு வேண்டாம்.

சில்வர், கோல்டு பெயிண்ட் பளிச்சுனு தெரியுதே?

சில்வர் என்பது அலுமினியத் தூள். 660 டிகிரியில் உருகும். கோல்டு என்பது பெரும்பாலும் பித்தளைத் தூள். அதாவது செம்பும் துத்தநாகமும். செம்பும் வெல்டிங் சூட்டில் எஸ்.எஸ்.-ன் மணி எல்லைக்குள் இறங்கி விரிசல் விடக்கூடியதுதான். மின்னும் பெயிண்ட் எதுவாக இருந்தாலும் உள்ளே உலோகத் தூள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர் அலாய் ராக்கின் பக்கமே அது வரக் கூடாது.

பிக்மென்ட்ல (நிறம் தர்ற தூள்ல) இருக்கறது ஜிங்க் ஆக்சைடு, ஜிங்க் மெட்டல் இல்லையே? ஆக்சைடு உருகாதே சார்?

படித்த பையன்கள் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. உலோகத் தூளாக இருந்தால்தான் ஆபத்து மிக அதிகம். ஆக்சைடாகவோ குரோமேட்டாகவோ இருந்தால் குறைவு. ஆனால் பெயிண்டில் பிக்மென்ட்டைச் சுற்றி ரெசின், அதாவது பிசின், இருக்கிறது. சூட்டில் அது கரியாகும். கரியும் உயர்ந்த வெப்பமும் சேர்ந்தால் ஆக்சைடிலிருந்து உலோகம் பிரியும். அந்தக் காலத்தில் துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து எடுத்ததே அந்த வழியில்தானே. ஆகவே ஸ்பெசிஃபிகேஷன் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டுக்குள் போவதில்லை. அந்தத் தனிமம் எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்டோர்ஸில் இருந்துகொண்டு நாமும் வாதாட வேண்டியதில்லை.

குளோரைடுன்னா உப்புதானே? பெயிண்ட்ல எங்க வருது?

பல வழியில் வரும். குளோரினேட்டட் ரப்பர் பெயிண்டில் ரெசினிலேயே குளோரின் இருக்கிறது. சில பச்சை, நீலப் பிக்மென்ட்டுகளில் இருக்கிறது. வழக்கமான பச்சை பிக்மென்ட்டான தாலோ கிரீன் என்பதே குளோரின் ஏற்றிய சேர்மம். பி.வி.சி. டேப்பும் பி.வி.சி. ஸ்டிக்கரும் இதே கணக்கு. பெயிண்ட் வேண்டாம் என்று கலர் கலராக எலக்ட்ரிகல் டேப் சுற்றி வைப்பவர்கள் உண்டு. அது பெயிண்டைவிட மோசம். டேப்பின் ஓரத்தில் ஈரம் தங்கி, அதனடியிலேயே குழி விழும்.

304, 316 எஸ்.எஸ்.-ல் இழுவிசை, குளோரைடு, சுமார் 60 டிகிரிக்கு மேல் வெப்பம் மூன்றும் சேர்ந்தால் விரிசல் வரும். பைப் பெண்ட், வெல்டு ஓரம் இங்கெல்லாம் இழுவிசை உள்ளேயே தங்கியிருக்கும். வெளியிலிருந்து யாரும் இழுக்க வேண்டியதில்லை.

நிக்கல் அலாய்க்கு எஸ்.எஸ். பெயிண்டே போதுமா?

கந்தகத்தைத் தனியாகப் பாருங்கள். நிக்கல் தனியாக 1455 டிகிரியில்தான் உருகும். கந்தகம் சேர்ந்தால் சுமார் 640 டிகிரியிலேயே உருகும் கலவை மணி எல்லைகளில் உண்டாகிவிடும். இன்கோனல், மோனல் என்ற நிக்கல் அலாய்த் துண்டைச் சூடு செய்து வளைக்கும்போது ரொட்டி மாதிரி பிளந்தால், மேலே கிரீஸோ பெயிண்டோ மார்க்கரோ இருந்ததா என்று கேளுங்கள்.

இதில் யாரும் சந்தேகப்படாத ஆசாமி ஒன்று உண்டு: சாக்பீஸ். நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். பெயரிலேயே கந்தகம் இருக்கிறது. ‘பெயிண்ட்தானே தப்பு’ என்று நினைத்துச் சாக்பீஸால் அளவு குறித்து, துடைக்காமல் ஃபர்னஸில் தள்ளுவார்கள். நிக்கலில் குறிக்க வேண்டுமென்றால் கந்தகமும் ஹாலோஜனும் குறைவு என்று சான்று உள்ள மார்க்கர் வாங்குங்கள். சூடு செய்யும் முன் அதையும் துடையுங்கள்.

வாட்டர் பேஸ் பெயிண்ட்னா எதுக்குமே கெடுதல் இல்லைதானே?

அடிக்கிறவர் நுரையீரலுக்குக் கெடுதல் குறைவு. அது நல்ல விஷயம்தான். உலோகத்துக்குக் கெடுதல் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. தண்ணீரிலேயே குளோரைடு இருக்கலாம். இன்னொன்று, அக்ரிலிக் எமல்ஷன் வகைகளில் அமோனியா சேர்ப்பது வழக்கம். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அதுதான். பித்தளைக்கு அமோனியா ஆகாது.

பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் சும்மா இருக்கும்போதே விரிசல் விட்டன. வைத்திருந்த இடம் குதிரை லாயங்களுக்குப் பக்கம். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியா, ஈரம், உறையை இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிய இழுவிசை எல்லாம் சேர்ந்து செய்த வேலை என்று 1921-இல்தான் சரியாக விளக்கினார்கள். உலோகவியல் பாடப் புத்தகத்தில் ‘சீசன் கிராக்கிங்’ என்று வரும் சீசன் நம்ம ஊர் மழைக்காலம்தான். பித்தளை ராடுகளுக்கு நான் பெயிண்டே அடிப்பதில்லை. துணி டேகில் எழுதிக் கட்டிவிடுவேன்.

அலுமினியத்துல பென்சில்ல எழுதலாமா?

பென்சில் முனை கிராஃபைட். ஈரம் பட்டால் கிராஃபைட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே சின்ன பேட்டரி உருவாகி, எழுதிய கோட்டிலேயே அரிக்கும். விமானப் பட்டறைகளில் இது கண்டிப்பாகத் தடை. செம்பும் பாதரசமும் உள்ள பெயிண்டும் ஆகாது.

டைட்டானியம்?

பெயிண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், சால்வென்ட்டைக் கவனியுங்கள். குளோரின் உள்ள சால்வென்ட்டால் துடைக்காதீர்கள், மெத்தனாலாலும் துடைக்காதீர்கள். 1966-இல் அப்பல்லோ விண்கலத்தின் டைட்டானிய எரிபொருள் தொட்டி ஒன்றில், எரிபொருளுக்குப் பதில் மெத்தனால் ஊற்றி அழுத்தச் சோதனை செய்தபோது தொட்டியே உடைந்தது. ‘ஸ்பிரிட்தானே, சுத்தமாக்கத்தானே’ என்று நினைக்கிற இடம் அது.

மஞ்சள் பெயிண்ட்ல ஈயம்னு சொல்றாங்க. இப்பதான் தடை பண்ணியாச்சே?

இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கு ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2016-இல் விதி போட்டார்கள். 2017 நவம்பர் 1 முதல் நடைமுறை. ஆனால் அது வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கு மட்டும்தான். தொழிற்சாலைப் பெயிண்டில் பளிச் மஞ்சள், ஆரஞ்சுக்கு ஈய குரோமேட் இன்னும் வரலாம். அதைக் கிரைண்ட் செய்தால் ஈயத்தூளும் ஆறு இணைதிறன் குரோமியமும் சேர்ந்து பறக்கும். ஒன்று நரம்பைத் தாக்கும், மற்றது புற்றுநோய் உண்டாக்கும். சட்டையில் ஒட்டிய தூள் வீட்டுக்குப் போய்க் குழந்தை வரை போகும். மஞ்சளைக் கிரைண்ட் செய்த உடுப்போடு மட்டுமாவது வீட்டுக்குப் போகாதீர்கள். துடைத்து எடுங்கள், மாஸ்க் போடுங்கள்.

‘லெட் ஃப்ரீ’ மஞ்சள் என்றால் எஸ்.எஸ்.-க்கு நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம். ஈயத்துக்குப் பதில் பிஸ்மத் வானடேட் வைத்துச் செய்யும் மஞ்சள் உண்டு. மனிதனுக்கு அது நல்ல மாற்று. ஆனால் மேலே சொன்ன சீக்கிரம் உருகும் உலோகங்களில் பிஸ்மத்தும் இருக்கிறதே.

டப்பாவில ‘லோ குளோரைடு’ன்னு போட்டிருந்தா வாங்கிடலாமா?

டப்பாவில் எழுதுவது விளம்பரம். சர்டிபிகேட்டில் எழுதுவதுதான் சரக்கு. பேட்ச் நம்பரோடு டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். அதில் மூன்று வரி தேடுங்கள்: மொத்த ஹாலோஜன், மொத்தக் கந்தகம், குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகங்கள். பல வாடிக்கையாளர் ஸ்பெசிஃபிகேஷன்களில் முதல் இரண்டுக்கும் வரம்பு சில நூறு பி.பி.எம். அளவில் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் எண் எதுவோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். சிலர் ‘தண்ணீரில் கரைந்து வரும் குளோரைடு’ எவ்வளவு என்று மட்டும் சொல்வார்கள். எண் அழகாக, சின்னதாக இருக்கும். ரெசினோடும் பிக்மென்ட்டோடும் பிணைந்த குளோரின் தண்ணீரில் வராது. ஆனால் எரிந்தால் வரும். வெல்டிங்குக்குப் போகும் சரக்கு என்றால் மொத்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

பி.எம்.ஐ. கன் (உலோகத்துல என்னென்ன தனிமம்னு எக்ஸ்ரேயால காட்டற கருவி) இருக்கு. பெயிண்ட் மேலயே வெச்சுச் சுட்டுப் பார்த்துக்கலாமே?

அங்கேதான் ஒரு வேடிக்கை. வெள்ளை பெயிண்டின் பிக்மென்ட் டைட்டானியம் டை ஆக்சைடு. 304 பைப்பில் வெள்ளைப் பட்டை மேல் கன்னை வைத்தால் அது டைட்டானியத்தையும் பார்க்கும். நிக்கல், குரோமியம் இருக்கிறது, டைட்டானியமும் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, டைட்டானியம் சேர்த்த கிரேடான ‘321’ என்று காட்டிவிடும். நாங்கள் ஒரு தடவை முழு லாட்டையே வெண்டரிடம் திருப்பி அனுப்பப் பார்த்தோம்; இன்ஸ்பெக்டர் ஒரு இடத்தில் சுரண்டிவிட்டு வைத்த பிறகு சாதாரண 304 என்று வந்தது. எனவே எப்போதும் வெறும் உலோகத்தில் வையுங்கள்.

அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். புது பெயிண்டை ஒரு பிளாஸ்டிக் தாளில் தடவிக் காயவிட்டு, கன்னில் வைத்துப் பாருங்கள். ஈயமோ துத்தநாகமோ செம்போ கணிசமாக இருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். குளோரின், கந்தகம் போன்ற லேசான தனிமங்களுக்கு இந்த வழியை நம்பாதீர்கள். அதற்கு லேப் சர்டிபிகேட்தான்.

அப்போ கன் வாங்கிட்டா கலர் கோடே வேண்டாமே?

கன் கார்பனைப் பார்க்காது. 304-க்கும் 304எல்-க்கும் வித்தியாசமே கார்பன்தான்: முன்னதில் 0.08 சதவீதம் வரை, பின்னதில் 0.03 வரை. எக்ஸ்ரே கன்னுக்கு இரண்டும் ஒன்று. ஈ.என்.8-ம் ஈ.என்.9-ம் அப்படித்தான். கார்பன் தெரிய வேண்டுமானால் தீப்பொறி உண்டாக்கிப் படிக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரோ லேசர் கருவியோ வேண்டும். அதுவரை, இறங்கும்போது சரியாக அடித்த கலரும் ஹீட் நம்பரும் (ஒரே தடவையில் உருக்கிய உலோகத்துக்கு மில் தரும் எண்)தான் 304எல்-க்கு ஜாதகம்.

எங்க அடிக்கணும்? முனையிலயா, நீளத்துக்கா?

கலர் கோடு என்றதும் சிலர் கோடு இழுப்பது என்றே நினைக்கிறார்கள். பைப்புக்கு அது சரிதான். பைப், ட்யூபுக்கு முழு நீளத்துக்கும் ஒரு மெல்லிய கோடு. எங்கே வெட்டினாலும் இரண்டு துண்டிலும் கலர் இருக்கும். ராடுக்கு ஒரு முனையின் முகத்தில் அடியுங்கள். வெட்டுவது எப்போதும் கலர் இல்லாத முனையிலிருந்துதான். கடைசித் துண்டு வரை கலர் தங்கும். பிளேட்டுக்கு விளிம்பில் கோணலாக ஒரு பட்டை.

வெல்டிங் வரப்போகும் முனையிலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இது என் சொந்தக் கணக்கு. வாடிக்கையாளர் அதிகம் கேட்டால் அதுதான். வெட்டும் முன் ஹீட் நம்பரை அடுத்த துண்டுக்கு மாற்றி எழுதுங்கள். வெட்டிய பிறகு எழுதலாம் என்று விட்டால் டீ வந்துவிடும், ஷிஃப்ட் மாறிவிடும்.

வெயில்ல ஆறு மாசத்துல ஆரஞ்சு மஞ்சளாயிடுச்சு, சிவப்பு ரோஸாயிடுச்சு. என்ன பண்ண?

திருச்சி வெயிலுக்கு எந்தக் கலரும் நிரந்தரமில்லை. ஒளிரும் ஃப்ளோரசன்ட் கலர்கள்தான் முதலில் வெளுக்கும், வாங்காதீர்கள். வெயிலில் கிடக்கும் சரக்குக்கு ஆரஞ்சும் மஞ்சளும் இரண்டு வேறு கிரேடுகளாக இருக்கவே கூடாது. ராத்திரி ஷிஃப்டில் சோடியம் விளக்கு எரியும் யார்டில் நீலம், பச்சை, கறுப்பு மூன்றும் ஒன்றாகத் தெரியும். அங்கேயும் அதே விதி.

சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கொஞ்சம் பேர் எப்போதும் இருப்பார்கள், பலருக்குத் தங்களுக்கே தெரியாது. அவர்களுக்காக நாங்கள் கலரை மட்டும் நம்பாமல் பட்டையின் எண்ணிக்கையையும் சேர்த்தோம்: டி11-க்கு ஒரு பட்டை, டி22-க்கு இரண்டு, டி91-க்கு மூன்று. ஸ்டோர்ஸ் வாசலில் அச்சிட்ட சார்ட் வேண்டாம். உண்மையான பைப் துண்டுகளில் அதே பெயிண்டை அடித்து ஆணியில் தொங்கவிடுங்கள். பிரிண்டரின் பச்சைக்கும் டப்பாவின் பச்சைக்கும் எட்டாத தூரம்.

தப்பான பெயிண்ட் ஏற்கனவே அடிச்சாச்சு. எப்படி எடுக்கறது?

எரித்து எடுக்காதீர்கள், எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதைத்தான் செய்ததாகும். எஸ்.எஸ்.-ல் அசிட்டோன், வெள்ளைத் துணி. துணியை ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கம் திருப்பித் துடையுங்கள். அழுக்கான பக்கத்தால் தேய்த்தால் பெயிண்ட் மெல்லிசாகப் பரவுமே தவிர போகாது. துணியில் கலர் ஏறுவது நிற்கும் வரை விடாதீர்கள். ட்ரைகுளோரோஎத்திலீன் மாதிரி குளோரின் சால்வென்ட் வேண்டாம். பக்கத்தில் கிரைண்டிங், வெல்டிங் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றும்.

துணிக்கு வராத இடத்தில் எஸ்.எஸ். கம்பி பிரஷ் அல்லது எஸ்.எஸ்.-க்கென்றே ஒதுக்கிய புது வீல். கார்பன் ஸ்டீல் பிரஷால் தேய்த்தால் இரும்புத் துகள் பதிந்து, முதல் மழைக்கே பைப் முழுக்கப் பழுப்புப் புள்ளி பூக்கும். துத்தநாகம் உள்ள பெயிண்ட் என்றால் துடைப்பதோடு நிறுத்தாமல் லேசாகக் கிரைண்ட் செய்து புது உலோகம் தெரிய வேண்டும். பிறகு அந்த இடத்தைக் கன்னில் வைத்து ஜிங்க் வரவில்லை என்று பாருங்கள். அந்தச் சரக்கு ஏற்கனவே வெல்டாகியிருந்தால் ஓரம் முழுக்க டி.பி. டெஸ்ட், தயங்காமல்.

கலர் ஒண்ணு சொல்லுது, ஹீட் நம்பர் வேற சொல்லுது. எதை நம்பறது?

இரண்டையும் நம்பாதீர்கள். ஹீட் நம்பர் கலரைவிடப் பெரியது என்பது உண்மைதான். அது மில்லில் அடித்தது, சர்டிபிகேட்டோடு சேர்ந்தது. கலர் நம் ஆள் அடித்தது. ஆனால் இரண்டும் முட்டுகிறது என்றால் யாரோ எங்கேயோ தவறு செய்திருக்கிறார்கள், அது கலரில்தான் என்று எப்படித் தெரியும்? வேறு பைப்பின் ஹீட் நம்பரை அவசரத்தில் மாற்றி எழுதியிருக்கலாம்.

அந்தத் துண்டைத் தனி ராக்குக்கு அனுப்புங்கள். எங்களிடம் பூட்டுப் போட்ட கூண்டு ஒன்று இருந்தது, பையன்கள் அதற்கு ‘ஜெயில்’ என்று பேர் வைத்திருந்தார்கள். சிவப்பு டேகில் தேதி, யார் கண்டுபிடித்தது, என்ன முட்டல் என்று எழுதிக் கட்டுவோம். பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் பி.எம்.ஐ., கார்பன் முக்கியம் என்றால் ஸ்பெக்ட்ரோ. சர்டிபிகேட்டோடு ஒத்து வந்தால் பழைய கலரை முழுசாக எடுத்துவிட்டுப் புதுக் கலர். பழசின் மேல் பூசக் கூடாது. ஒத்து வராவிட்டால் அதே நாளில் அதே லாட்டில் வெட்டிய மற்றத் துண்டுகள் எங்கே போயின என்று இஷ்யூ ரெஜிஸ்டரைத் திறக்க வேண்டியதுதான்.